எங்கட பக்கத்து ஃபுட் பாங்க்: ஐஞ்சுக்கு நாலு ஸ்டார்

கடைக்கு ரிவியூ எழுதுறம், இல்லாதவைக்குச் சாப்பாட்டுச் சாமான் தாற ஃபுட் பாங்குக்கு ஏன் எழுதப்படாது? சும்மா தாற இடத்தைக் குறை சொல்லப்படாது எண்டு என்ர மனுசன் சொல்லுறார். சாமான் சும்மாதான். ஆனா லைனில நிக்கிற நேரம் என்ர நித்திரை நேரம்.

இடம் ரொறன்ரோவில, ஸ்காபரோப் பக்கம் ஒரு சேர்ச்சின்ர பேஸ்மென்ற். பேர் போடேல்லை, போட்டா லைன் இன்னும் நீளும். பதியிறது சுகம்: அடையாள அட்டை, விலாசம் உள்ள ஒரு பில், வீட்டில எத்தினை பேர் எண்ட விபரம். சம்பளத் துண்டு கேக்கேல்லை. கேட்டா வெக்கப்படாமல் காட்டியிருப்பன். முதியோர் இல்லத்தில இரவு வேலை, முழுநேரம்தான். வாடகை போய், போன் பில்லும் போனா மிஞ்சிறது மாசக் கடைசி வரைக்கும் வராது.

இந்த இடத்தில எனக்குப் பிடிச்சது, சாமானை நாங்களே தெரிஞ்செடுக்கலாம். முந்திப் போன இன்னொரு இடத்தில கட்டிவைச்ச பையைத்தான் கையில தருவினம். காளான் சூப் ரின் நாலு, என்னெண்டு தெரியாத சோஸ் ஒண்டு. அரைவாசி அலுமாரியிலயே கிடந்தது. இங்க வீட்டு ஆக்களின்ர கணக்குக்குப் புள்ளி தருவினம், தட்டுத் தட்டாய்ப் பார்த்து எடுக்கலாம். நான் முதல் எடுக்கிறது மைசூர்ப் பருப்பு, பிறகு கடலை ரின். கழுவி, செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளிச்சா பின்னேரத்துக்குப் போதும். டூனா ரின் கட்லட்டுக்கு. கிழங்கு, கரட், வெங்காயம் எப்பவும் இருக்கும். கிராஃப்ற் டின்னரை, அதுதான் பெட்டியில வாற சீஸ் மக்கரோனியை, பிள்ளையள் கேட்டு வாங்குவினம். அதுக்குப் புள்ளி செலவழிக்க எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் எடுக்கிறன். அரிசி சின்னப் பைக்கற், எங்கட வீட்டில ஒரு நாள் சோறு. குத்தரிசி எல்லாம் கனவு.

திகதியைப் பார்த்துப் பயப்பிடாதேங்கோ. பெட்டியில "பெஸ்ற் பிஃபோர்" எண்டு போட்ட நாள் கடந்தாலும் ரின் சாமான் சாப்பிடலாம். ருசியும் புதுசுத்தன்மையும்தான் கொஞ்சம் குறையும். குழந்தைப் பால்மா மட்டும் வேற. அதில இருக்கிறது உண்மையான காலாவதித் திகதி, ஒரு நாள் கடந்தாலும் வேண்டாம்.

ஒரு ஸ்டார் வெட்டினது லைனுக்கு. நேரம் தந்துதான் கூப்பிடுகினம், ஆனா அந்த நேரத்துக்கு உள்ள விடுகினமில்லை. பஸ்ஸில பிரெஸ்ரோ அட்டையைத் தட்டினா 3.30 டொலர், ரெண்டு மணித்தியாலம் செல்லும். சுறுக்கா முடிஞ்சா அதே காசில வீட்டை வந்திடலாம். பிந்தினா கிழங்குப் பையோட நிண்டு இன்னொரு 3.30. பனிக்காலத்தில வெளியில நிக்கிறது வேற கதை.

வேலை செய்யிற பிள்ளையளிலதான் பிழை எண்டும் சொல்லேலாது, வாற சனம் அப்பிடி. 2023 ஏப்ரலில இருந்து 2024 மார்ச் வரைக்கும் ரொறன்ரோ ஃபுட் பாங்குகளுக்கு ஆக்கள் வந்துபோன தரம் 34 இலட்சத்துக்கு மேல. நகரத்தின்ர சனத்தொகையே கிட்டத்தட்ட 30 இலட்சம்தான். 2024 டிசம்பரில நகரசபை சனம் சாப்பாட்டுக்குத் தவிக்கிறதை அவசரநிலை எண்டு அறிவிச்சது. எனக்கு முன்னால நிண்ட ஐயாவுக்கு ஒன்ராறியோ வேர்க்ஸ் எண்ட அரசாங்க உதவிக் காசு மாசம் 733 டொலர். தனி ஆளுக்கு 2018 இல இருந்து அதே தொகைதான், ஒரு சதம் கூடேல்லை. கனடாவின்ர முதல் ஃபுட் பாங்கை எட்மன்ரனில 1981 இல திறக்கேக்க, கொஞ்சக் காலத்துக்குத்தான் எண்டு நினைச்சவையாம்!

என்னோட வேலை செய்யிற பிலிப்பீனோப் பிள்ளையையும் லைனில கண்டன். அதே வேலை உடுப்போட நிக்கிறாள். ரெண்டு பேரும் ஏன் வந்தனீங்கள் எண்டு கேக்கேல்லை. "முட்டை வந்திருக்காம், கெதியா வாங்கோ" எண்டாள்.

போறவைக்கு: சில்லுப் பை கொண்டு போங்கோ, ரின்னெல்லாம் பாரம். கீரையும் பாலும் வேணுமெண்டா காலமைப் பக்கத்து நேரமாக் கேட்டு எடுங்கோ. டயப்பரைத் தட்டில தேடாதேங்கோ. கேட்டாத்தான் உள்ளுக்கிருந்து எடுத்துத் தருவினம்.