பைக்கு வரியா, தடையா?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. அயர்லாந்து 2002இல் தடை போடவில்லை, பைக்கு 15 சென்ட் வரி போட்டது. பயன்பாடு ஏறக்குறைய 90 சதவீதம் சரிந்தது. கடைக்காரர் அந்தக் காசைத் தன் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது, பில்லில் தனியாகக் காட்டி வாங்குபவரிடமே வசூலிக்க வேண்டும் என்பதுதான் அதன் சூட்சுமம்.

வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைச் சின்னக் கடைகளில் பில் எங்கே போடுகிறார்கள்? அங்கே வரி செல்லாது, தடைதான் வழி. அதுவும் கூடைக்காரம்மாவிடம் கவரைப் பிடுங்குவதில் பயனில்லை. மொத்த வியாபாரக் குடோனில் பிடிக்க வேண்டும்.

பில் போடும் சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகத் தரும் காகிதப் பைக்கு வரி போடலாம். துணி போலத் தெரியும் நான்-ஓவன் பையில் ஏமாறாதீர்கள்: நூல் பிரியாது, நெருப்பில் உருகும், அதுவும் பிளாஸ்டிக்தான்.

காசிமேட்டு மீனுக்கு மஞ்சப்பையும் உதவாது, நனைந்து நாறும். மூடி போட்ட தூக்குவாளிதான் சரி.