தோள்பட்டை வலிக்குப் போய்ப் பித்தப்பைக் கல்லோடு திரும்பினேன்: லண்டன் ஹாரோ ஆஸ்டியோபதி கிளினிக்

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். நாலும் அங்கே இருக்கும் ஆஸ்டியோபத் (எலும்பு, தசைகளைக் கையால் அழுத்திச் சிகிச்சை செய்பவர்) அம்மா கேட்ட கேள்விகளுக்கு.

வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே பல மாதமாக ஒரு குடைச்சல். கம்ப்யூட்டர் முன்னால் கூனி உட்காருவதால்தான் என்று வீட்டில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். முதுகை நாலு அழுத்து அழுத்தி அனுப்பிவிடுவார் என்று போனால், பாதி நேரம் விசாரணையிலேயே போனது. ராத்திரியில் எழுப்பிவிடுகிறதா? சாப்பிட்ட பிறகு கூடுகிறதா? மட்டன் பிரியாணி சாப்பிட்ட ராத்திரிகளில் தூக்கமே இல்லை என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அப்புறம் கழுத்தையும் கையையும் எல்லாப் பக்கமும் திருப்பச் சொன்னார். எதிலும் அந்த வலி வரவில்லை. தசைக் கோளாறு என்றால் ஏதாவது ஒரு அசைவில் காட்டிக்கொடுக்குமாம். ஆனால் நடுமுதுகில் வலப்பக்கம் மட்டும் தசை இறுகிக் கிடந்தது. மல்லாக்கப் படுக்கவைத்து, வலது விலாவுக்கு அடியில் விரலால் அழுத்தி மூச்சை இழுக்கச் சொன்னார். சுருக்கென்று வலித்துப் பாதி மூச்சிலேயே நின்றுவிட்டேன். பித்தப்பையின் நரம்பும் முதுகின் அந்தப் பகுதி நரம்பும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் போய்ச் சேர்வதால், வலி எங்கிருந்து வருகிறது என்பதில் மூளை குழம்பிவிடுகிறது என்றார். சிகிச்சை எதுவும் செய்யவில்லை. இன்றைக்கே பாருங்கள் என்று என் ஜி.பி.க்கு (குடும்ப டாக்டருக்கு) கடிதம் கொடுத்தார். அல்ட்ராசவுண்டில் கல் தெரிந்தது.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது? முதுகெலும்பைத் தடவியே எந்த உறுப்பில் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்கிறார். மார்புப் பகுதி முள்ளெலும்புகளில் முதல் ஐந்து இதயத்துக்கு, 5 முதல் 9 வரை வலப்பக்கம் பித்தப்பைக்கு என்று ஒரு கணக்கு. நரம்புகள் போகும் வழி ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் ஒரே முதுகை இரண்டு பேர் தொட்டுப் பார்த்தால் ஒரே பதில் வரும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் சொற்பம். என் விஷயத்தில் பிரியாணிக் கேள்விக்குத்தான் முதல் மரியாதை. போதாததற்கு, உள்ளுறுப்புகளைக் கையாலேயே சரிசெய்யும் பேக்கேஜ் ஒன்றையும் நீட்டினார். தடவினால் கல் கரையுமா? வேண்டாம் என்றுவிட்டேன்.

இங்கே புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று: அமெரிக்காவில் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) படித்தவர் மருந்தெழுதும் முழு டாக்டர். பிரிட்டனில் ஆஸ்டியோபத் அப்படியில்லை. ஆனாலும் 1993 சட்டப்படி ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. ஆன்லைனில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள். நெஞ்சை அடைத்துக்கொண்டு கை வலித்தால் இங்கெல்லாம் போகாமல் 999ஐ அழையுங்கள்.

கட்டணம் 60 பவுண்டு. பார்க்கிங் கிடையாது, பஸ்ஸில் போவதே மேல்.