ஒயர் டிரில்லா, பேட்டரி டிரில்லா: வீட்டுக்கு எது?

புது வீட்டில் ஜன்னல்களுக்கு ஸ்கிரீன் கம்பி மாட்ட வேண்டியிருந்தது. இரண்டு வகையையும் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, 13 மி.மீ. சக் (துளையிடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) உள்ள ஒயர் மெஷினை வாங்கினேன்.

பேட்டரி மெஷின் கைக்கு அடக்கம், மொட்டைமாடியிலும் ஓடும். ஒயர் மெஷின் விலை குறைவு. சரி, இதெல்லாம் தெரிந்ததுதான். என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு.

வீட்டில் டிரில்லை வருஷத்துக்கு நாலைந்து தடவை எடுப்போம். மீதி நாளெல்லாம் அது பரணில்தான். மச்சான் வாங்கிய 12 வோல்ட் பேட்டரி மெஷின் ஒரு கோடை முழுக்க அப்படிக் கிடந்தது. எடுத்துச் சார்ஜரில் போட்டால் விளக்கே எரியவில்லை. லித்தியம் பேட்டரி அடியோடு இறங்கிக் கிடந்தால் பிறகு சார்ஜ் ஏறாமல் போகும்; சூடும் அதற்கு ஆகாது. பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் பெரும்பாலும் பொருந்தாது. அந்த மாடல் பேட்டரி வருவது நின்றுவிட்டால் நல்ல மெஷினும் வீண். ஒயர் மெஷினில் பெரும்பாலும் தேய்வது மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்தான். குறைந்த செலவில் ஜோடியாக மாற்றிவிடலாம்.

அப்புறம், ஜன்னலுக்கு மேலே இருப்பது லிண்டல் கான்கிரீட். ஹேமர் (சுழலும்போதே இடிக்கும் வசதி) இல்லாத சின்ன பேட்டரி மெஷின் அங்கே தேய்க்கத்தான் செய்யும். ஹேமரில் போட்டு, 6 மி.மீ. கான்கிரீட் பிட்டை உள்ளே விட்டு, வெளியே இழுத்துத் தூள் தள்ளி, மறுபடி விட்டேன். முழு பலத்தில் அழுத்தத் தேவையில்லை. சத்தம் மாறி பிட் இறங்காமல் நின்றால் உள்ளே கம்பி. துளையைத் தள்ளிப் போடுங்கள்.

ஒயர் மெஷினில் ஒரு பயம் உண்டு. விசையை அமுக்கியபடியே நிறுத்தும் லாக் பட்டனைப் போட்டுவிட்டு மூன்றாவது துளை போட்டபோது பிட் சிக்கியது. மெஷினே சுழன்று மணிக்கட்டைத் திருகிவிட்டது. அன்றிலிருந்து லாக்கைத் தொடுவதில்லை, பக்கக் கைப்பிடி இல்லாமல் பிடிப்பதில்லை. பிட் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்ற வேண்டும். எதுவானாலும் தலைக்கு மேல் துளையிட்டால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை வேண்டாம், உள்ளே ஒயர் போகும்.

திருகு முடுக்க மட்டும் பேட்டரி மெஷின்தான். அளவுக்கு மேல் இறுகினால் கிளட்ச் விட்டுக்கொடுக்கும், மரம் பிளக்காது. இரவல் வாங்கிக் கட்டில் பூட்டிய இரண்டு நாள் அனுபவத்தில் சொல்கிறேன். தினமும் கையில் எடுக்கும் தச்சருக்குப் பேட்டரி கிடந்து சாகாது. அவர் கணக்கு வேறாக இருக்கலாம்.

வாங்கும்போது பெட்டியைப் பிரித்து, பக்கக் கைப்பிடியும் சக் சாவியும் உள்ளே இருக்கின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.