வினைல் சைடிங் திருத்த ஆள் தேடுவோர் கவனத்துக்கு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டின் தெற்குச் சுவரில் வினைல் சைடிங் (வெளிச்சுவரை மூடும் பிளாஸ்டிக் பலகைகள்) வெயிலில் வெளுத்து, தொட்டால் கையில் மாவாக ஒட்டி, ஆங்காங்கே வெடித்தும் இருந்தது. பழுதான பலகைகளைக் கழற்றி மாற்றித் தருவதாக வீட்டுக்கே வந்து பேசிய ஒப்பந்தக்காரர் ஒருவர் செய்துவிட்டுப் போன வேலையை, பின்னர் வேறொருவரைக் கொண்டு திறந்து பார்த்த நிலையில் இதை எழுதுகிறேன்.

வினைல் சைடிங் தண்ணீரை முழுமையாகத் தடுப்பதில்லை. காற்றோடு அடிக்கும் மழை அதன் பின்னால் போகவே செய்யும். சுவரைக் காப்பவை உள்ளே சுற்றப்பட்ட ஹவுஸ் ராப் என்னும் நீர்தடுப்பு விரிப்பும், தண்ணீரை வெளியே திருப்ப யன்னல்களின் மேல் வைக்கப்படும் பிளாஷிங் தகடுமே. எங்கள் யன்னலின் கீழே ஹவுஸ் ராப் கிழிந்து, அதன் பின்னிருந்த ஒட்டுப்பலகை விரலால் அழுத்தினாலே உள்ளே போகுமளவுக்கு உக்கியிருந்தது. பழைய பலகைகளைக் கழற்றியவரின் கண்ணில் இது படாமல் இருந்திருக்க வழியே இல்லை. ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், உக்கலின் மேலேயே புதுப் பலகைகளை அடித்து மூடியிருக்கிறார்.

அடித்த விதமும் பிழை. வினைல் வெப்பத்தில் நீண்டு குளிரில் சுருங்கும் பொருள். 12 அடிப் பலகையின் நீளம் பருவத்துக்குப் பருவம் அரை அங்குலம் வரை மாறும் என்பதால், ஆணியை, பலகையில் அதற்கென இருக்கும் நீள்துளையின் நடுவில், அதன் தலைக்கும் வினைலுக்கும் இடையே ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். இவர் இறுக அறைந்ததால், வெயில் ஏறியதும் சுவர் முழுவதும் அலை அலையாகப் புடைத்துவிட்டது. பலகைகளின் அடி விளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்றே இருக்கும் சிறு துளைகளையும் கோக்கிங் என்னும் இடைவெளி அடைக்கும் பசையைப் பூசி அடைத்திருந்ததை நினைத்தால் இன்னமும் ஆத்திரமாக வருகிறது. உள்ளே போன ஈரம் வெளியேறவே வழியில்லாமல் போயிற்று.

கடைசியில், மேலதிகப் பொருட்கள் என்று சொல்லி மதிப்பீட்டைவிட மிக அதிகமாகப் பணம் கேட்டார். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதப்பட்டிருந்தால், உங்கள் புதிய சம்மதமின்றி அதற்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டிக் கேட்க முடியாது. வீட்டில் வைத்துக் கைச்சாத்திட்ட, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யவும் முடியும்.

கடுங்குளிரில் பழைய வினைல் எளிதில் உடைந்துவிடும் என்பதால், கழற்றும் வேலையைக் குளிர்காலத்தில் தொடங்க விடாதீர்கள். பலகைகளை எடுத்த பின் திறந்த சுவரை நீங்கள் நேரில் பார்த்துப் படமெடுக்காமல் மூடக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவியுங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு வரிசையையும் கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பலகை சற்றேனும் நகராவிட்டால், அதைச் சரிசெய்யும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.