நரைத்த தலையோடு பழைய தோட்டத்துக்குள்: 'வைல்ட் ஸ்ட்ராபெர்ரீஸ்'

படத்தில் வயதானவர் வந்தாலே, ஒன்று பிள்ளைகள் கைவிட்டு அழவைப்பார்கள், இல்லையென்றால் அவரே எல்லோருக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வயதில் ஒருவர் தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொள்வதை நேர்மையாகக் காட்டிய படம் எது என்றால் நான் முதலில் சொல்வது இங்மர் பெர்க்மன் 1957இல் எடுத்த இந்த ஸ்வீடிஷ் படத்தைத்தான்.

கதை சின்னது. ஈசாக் போர்க், 78 வயது டாக்டர், பட்டம் வாங்கி 50 ஆண்டு ஆனதற்கான கௌரவத்தைப் பெற ஸ்டாக்ஹோமிலிருந்து லுண்ட் நகரத்துக்கு மருமகளோடு காரில் போகிறார். வழியில், சின்ன வயதில் கோடைக்காலங்களைக் கழித்த வீட்டில் இறங்குகிறார். ஃபிளாஷ்பேக் என்றால் வழக்கமாக ஓர் இளம் நடிகரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், இங்கே அதே நரைத்த தலையோடு அவரே பழைய தோட்டத்துக்குள் போய் நிற்கிறார். அவர் காதலித்த சாரா இளம்பெண்ணாகவே பழம் பறித்துக்கொண்டிருக்கிறாள், அவருடைய சகோதரன் வந்து அவளை முத்தமிடுகிறான், பக்கத்திலேயே நிற்கும் கிழவர் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. இதில் முக்கியமான விஷயம், அது நடந்தபோது ஈசாக் அங்கே இல்லவே இல்லை, அப்பாவோடு மீன்பிடிக்கப் போயிருந்தார். நேரில் பார்க்காத ஒன்றை இத்தனை வருஷமாக மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்! முதுமையின் நினைவு எப்படி வேலை செய்கிறது என்று இவ்வளவு துல்லியமாகச் சொன்ன காட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

தன்னை உணர்வதும் அவருக்குத் தானாக வரவில்லை. 'நீங்கள் சுயநலக்காரர்' என்று மருமகள் காரிலேயே முகத்துக்கு நேராகச் சொல்கிறாள், அதிலிருந்துதான் தொடங்குகிறது. கடைசியில், மகன் தன்னிடம் வாங்கியிருந்த பழைய கடனைப் பற்றி அவனிடம் பேச வாயெடுக்கிறார், அவனோ பணத்தைத் திருப்பிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்கிறான். மனம் மாறிவிட்டது, ஆனால் எதிரில் இருப்பவன் அதை நம்பத் தயாராக இல்லை. இந்த இடத்தில் அழுகாச்சி சேர்க்காமல் விட்டதற்காகவே பெர்க்மனைக் கும்பிடலாம், எடுத்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

ஈசாக்காக வரும் விக்டர் ஷோஸ்ட்ரோம் மௌனப்பட காலத்தின் பெரிய இயக்குநர், 1960இல் இறந்துபோனார். ஒரு பார்வையில் கர்வம், அடுத்த பார்வையில் பயம், இரண்டுக்கும் நடுவே அவர் முகத்தில் எதுவும் நடித்த மாதிரியே தெரியாது.

குறை இருக்கிறது. முள் இல்லாத கடிகாரம், சவப்பெட்டியிலிருந்து நீளும் கை என்று முதல் கனவு அர்த்தத்தைத் தலையில் தட்டிச் சொல்கிறது. வழியில் காரில் ஏறிச் சண்டை போடும் தம்பதியும் மேடை நாடகம் மாதிரிதான் இருக்கிறார்கள். ஒன்றரை மணிநேரம், கறுப்பு வெள்ளை. அந்த முதல் கனவைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், கார் கிளம்பிய பிறகுதான் படமே ஆரம்பிக்கிறது.