மரமா, கார்பனா, பறக்கும்போதே திருப்புவதா: கரையிலும் மேட்டிலும் வாழும் ஒரு சின்ன விமானத்தின் புரொப்பல்லர்

நானும் பெரியப்பா மகன் அண்ணனும் சேர்ந்து கட்டிய இரண்டு இருக்கை விமானத்துக்கு இரண்டு வீடு. ஆண்டில் பாதிக்கு மேல் என்னோடு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையில், டொங்காட் பக்கம் கரும்புக்கு நடுவே ஒரு புல் ஓடுதளத்தில் இருக்கும். மிச்ச நாள் அண்ணன் வசிக்கும் லெனேசியாவுக்குப் பக்கத்தில், ஜோகன்னஸ்பர்க் மேட்டில். டர்பனின் வெர்ஜீனியா விமான நிலையம் கடல் மட்டத்துக்கு 20 அடி மேலே இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கின் ரேண்ட் விமான நிலையம் 5,483 அடி. எந்தப் புரொப்பல்லர் மாட்டுவது என்று நாங்கள் இரண்டு வருஷம் வாதாடியதற்குக் காரணம் இந்த இரண்டு எண்கள்தான்.

எஞ்சின் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ், 100 குதிரைச் சக்தி. நிமிடத்துக்கு 5,800 சுற்றில் ஐந்து நிமிடம் ஓடலாம், தொடர்ந்து ஓட்ட 5,500. நடுவில் 2.43-க்கு 1 கியர்பாக்ஸ் இருப்பதால் புரொப்பல்லர் சுற்றுவது நிமிடத்துக்கு 2,400-க்கும் கீழேதான். அதனால் முனை வேகமும் இரைச்சலும் குறைவு.

அலுமினியத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். சுழலும் பொருளின் நிலைமத்துக்கு, அதாவது வேகம் மாறுவதை அது எதிர்க்கும் அளவுக்கு, ரோட்டாக்ஸ் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: 6,000 கிலோ-சதுர சென்டிமீட்டர். கனமான உலோக பிளேடு அதைத் தாண்டினால் அடி வாங்குவது கியர்பாக்ஸ் பற்கள். கார்பனிலும் கனமான நீள பிளேடுகள் இந்த வரம்பைத் தொடக்கூடும். ஆகவே என்ன வாங்கினாலும் இந்த எண்ணை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் முதல் புரொப்பல்லர் மரம். எனக்கு இன்றைக்கும் அதன் மேல் ஆசை உண்டு. ரைட் சகோதரர்கள் 1903-இல் ஸ்ப்ரூஸ் பலகைகளை ஒட்டிச் செதுக்கியது போலவே இன்றும் மெல்லிய அடுக்குகளை ஒட்டித்தான் செய்கிறார்கள். விலை குறைவு, எடை குறைவு, அதிர்வை மரமே உறிஞ்சிக்கொள்ளும். உலோகம் போல களைத்து விரிசல் விடுவதில்லை. எப்போதும் ஒரே இடத்தில், தார் ஓடுதளத்தில், ஹேங்கருக்குள் நிற்கும் விமானமென்றால் மரத்தை நான் தைரியமாகச் சொல்வேன்.

எங்களுக்கு அது ஒத்துவராமல் போனது ஜூலை மாதத்தில். டர்பன் கரையின் ஈரக்காற்றில் நான் மரியாதையாக டார்க் ரெஞ்ச் (வைத்த முறுக்கு வந்ததும் கிளிக் என்னும் ரெஞ்ச்) வைத்து முறுக்கிய ஆறு போல்ட். விமானம் மேட்டுக்குப் போய் மூன்று வாரம் நின்றது. அங்கே குளிர்காலத்தில் உதடு வெடிக்கிற வறட்சி. திரும்பக் கிளம்பும் முன்னால், "தம்பி, எதற்கும் ஒருமுறை பார்த்துவிடு" என்றார் அண்ணன். ரெஞ்சைப் போட்டால் ஆறில் நான்கு போல்ட் கிளிக் சத்தமே இல்லாமல் கால் சுற்றுக்கு மேல் நகர்ந்தன. கழற்றிப் பார்த்தோம். புரொப்பல்லரின் நடுப்பகுதியான ஹப் மரத்தில் எஞ்சின் பக்கத் தட்டு உட்கார்ந்த இடத்தில் ஒரு பழுப்பு வளையம், விரலில் ஒட்டுகிற கரித்தூள். மரம் சுருங்கி, பிடி தளர்ந்து, உரசல் தொடங்கியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் மரம் கருகி, துளை அகன்று, போல்ட்கள் வெட்டுப்பட்டிருக்கும்.

மரம் மாட்டியவர்கள் முதல் பறப்புக்குப் பின், அப்புறம் 25 மணி நேரத்தில், அதற்குப் பிறகு பருவம் மாறும்போதெல்லாம் முறுக்கைச் சோதிக்க வேண்டும். கிண்ண வாஷர்களை அடுக்கிப் போட்டால் சுருக்கத்தைக் கொஞ்சம் ஈடுகட்டும். ஆனால் 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இரண்டு தட்பவெப்பத்துக்கு நடுவே மாறிமாறிப் போகும் விமானத்துக்கு, ஒவ்வொரு பயணமும் ஒரு பருவ மாற்றம்.

அடுத்து கார்பன் ஃபைபர், தரையில் நிற்கும்போது பிட்சை, அதாவது பிளேடின் கோணத்தை, திருப்பி வைக்கும் வகை. அமெரிக்காவின் வார்ப் டிரைவ், பிரான்சின் ஈ-ப்ராப்ஸ், டக் எல்லாம் இந்த இனம். பிளவுபட்ட ஹப்பில் பிளேடுகளைச் செருகி, கோணம் வைத்து இறுக்குவது. ஈரம் ஏறாது, சுருங்காது. கல் பட்டு ஒரு பிளேடு வீணானால் அந்த ஒன்றை மட்டும், மற்றவற்றோடு எடையும் அது பரவியிருக்கும் விதமும் பொருந்தும்படி சொல்லி வரவழைக்கலாம். கடல் கடந்து கூரியர் கட்டுகிற நமக்கு இது பெரிய விஷயம்.

பறக்கும்போதே பிட்ச் மாற்றும் மாறா வேகப் புரொப்பல்லரை அண்ணன் கேட்டார். அவர் சொன்ன நியாயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் மதியம் ரேண்டில் 30 டிகிரி வெயில் அடித்தால் காற்றின் அடர்த்தி 8,600 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். டர்போ இல்லாத எஞ்சினில் ஏறக்குறைய கால்பங்கு சக்தி போய்விடும். எழும்ப மெல்லிய பிட்ச் (சிறிய கோணம்), பயணத்துக்குக் கனத்த பிட்ச் (பெரிய கோணம்) என்று இரண்டும் கையில் இருந்தால் நல்லதுதான். நியூசிலாந்தின் ஏர்மாஸ்டர் மின்மோட்டாரால் திருப்புகிறது. ஹைட்ராலிக் வகை வேண்டுமென்றால் உள்துளை ஷாஃப்ட் உள்ள எஞ்சினை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். நாங்கள் வாங்கவில்லை.

தவறாக நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை இந்தப் பேச்சில்தான் திருத்திக்கொண்டேன். கரையில் வைத்த பிட்ச் மேட்டில் போனால் எஞ்சின் சுற்று எகிறிவிடும் என்று எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. காற்று மெலிந்தால் பிளேடின் சுமை குறைகிறது, ஆனால் எஞ்சினும் கிட்டத்தட்ட அதே அளவில், இன்னும் சற்றுக் கூடுதலாகவே மெலிகிறது. சுற்று பெரும்பாலும் அங்கேயே நிற்கும், கொஞ்சம் இறங்கவும் செய்யும். குறைவது விமானத்தை முன்னால் இழுக்கும் விசை. ஆகவே மேட்டுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று என்று இரண்டு பிட்ச் தேவையில்லை. மேட்டில் பாதுகாப்பாக எழும்பும் மெல்லிய பிட்சை வைத்துக்கொண்டு கரையில் பயண வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும். இது புரிந்த அன்றே விவாதம் பாதி முடிந்தது.

மிச்சப் பாதி எடையும் வேலையும். மாறா வேக வகை தரையில் திருப்பும் கார்பனைவிடக் கனம், விலை பல மடங்கு, மின்சாரம் கடத்தும் தூரிகை, மோட்டார், கட்டுப்பாட்டுப் பெட்டி என்று பராமரிக்க வேண்டியவையும் கூடுதல். ஜோகன்னஸ்பர்க் பக்கம் டெடர்ஃபீல்டில் ஸ்லிங் விமானம் கட்டுகிறவர்களே இதை நன்றாகக் காட்டுகிறார்கள்: இரண்டு இருக்கை ஸ்லிங் 2-இல் தரையில் திருப்பும் மூன்று பிளேடு வழக்கம், டர்போ உள்ள ரோட்டாக்ஸ் 915 பூட்டிய ஸ்லிங் டிஎஸ்ஐ-யில் மாறா வேகம். உயரத்திலும் சக்தி குறையாத எஞ்சினுக்கு அந்தச் செலவு பொருந்தும். எங்களுடையதற்கு இல்லை; தரையில் திருப்பும் மூன்று பிளேடு கார்பனையே வாங்கினோம்.

பொருத்திய விதத்தையும் சொல்கிறேன், ஏனெனில் கார்பனில் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். நுனியிலிருந்து ஒரே தூரத்தில் ஒவ்வொரு பிளேடிலும் காகித டேப்பில் கோடு. ஒரு பிளேடைக் கிடைமட்டமாக நிறுத்தி, கோட்டில் டிஜிட்டல் கோணமானியை வைத்து அளந்து, அடுத்த பிளேடையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். மூன்றும் பத்தில் இரண்டு டிகிரிக்குள் ஒத்துப்போகும் வரை நாங்கள் இறுக்கவில்லை. இறுக்கும்போதும் கோணம் நகரும், அதனால் போல்ட்டை மாற்றிமாற்றிச் சிறிதுசிறிதாக. பிறகு நுனிக்கருகே ஓர் அட்டைப்பெட்டியை நிறுத்தி, கையால் சுற்றி, மூன்று நுனிகளும் ஒரே தடத்தில் போகின்றனவா என்று பார்த்தோம். 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் மறுபடி கழற்று. எஞ்சினைக் கையால் சுற்றும் முன் இக்னிஷன் இரண்டும் அணைந்திருக்கிறதா என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது எங்கள் வழக்கம்.

கியர்பாக்ஸ் இல்லாமல் புரொப்பல்லரை நேராகச் சுற்றும் லைகமிங் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே கனமான உலோகப் புரொப்பல்லர் பறக்கும் சக்கரம் போலவும் வேலை செய்கிறது; லேசான காம்போசிட் மாட்டினால் ஐட்லிங் கொஞ்சம் முரடாகும். மூக்கின் எடையும் குறையும். 600 கிலோ விமானத்தில், ஈர்ப்பு மையத்துக்கு 1.8 மீட்டர் முன்னால் 8 கிலோ குறைத்தால் மையம் 2.4 சென்டிமீட்டர் பின்னால் போகும். பின் இருக்கையில் ஆள் ஏறும் விமானத்துக்கு அது சின்ன விஷயமில்லை. திரும்ப எடை போட்டு, பதிவேட்டில் ஏற்றி, பரிசோதகரிடம் காட்டிய பிறகே பறக்க வேண்டும்.

கார்பனுக்கும் பலவீனம் உண்டு. உலோகத்தில் கல் பட்ட வெட்டை அரத்தால் ராவிச் சரிசெய்யலாம். கார்பனில் இழை தெரிந்தால் அரம் தொடக்கூடாது. அதனால் முன்விளிம்பில் நிக்கல் தகடு போட்டதையே வாங்கினோம். உள்ளே அடுக்கு பிரிந்தால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். மண்சட்டி வாங்கும்போது ஆயா தட்டிப் பார்ப்பது போல, ஒரு நாணயத்தால் பிளேடு முழுக்கத் தட்டிக்கொண்டே போகிறேன். நல்ல இடம் கணீரென்று இருக்கும், பிரிந்த இடம் மொத்தென்று.

இப்போது நின்ற நிலையில் முழு த்ராட்டிலுக்கு 5,250 சுற்று வருகிறது, மட்டமாகப் பறக்கும்போது 5,650. போன டிசம்பரில் லெனேசியா பக்கம் கொண்டுபோனபோதும் அதே பிட்ச்தான். எழும்ப எடுத்த தூரம் கரையைப்போல் இரு மடங்கு, ஓடுதளத்தின் பாதிக்கும் குறைவு. அண்ணன் இறங்கியதும் முதலில் ரெஞ்சைத்தான் கேட்டார். ஆறு போல்ட்டும் கிளிக் என்றன.