என் தலையில் அக்ரிலிக் தகடு: ஐந்து ஆண்டு அனுபவம்

இருசக்கர வாகன விபத்தில் மூளை வீங்கியபோது, அழுத்தத்தைத் தணிப்பதற்காக என் தலையின் இடப்பக்க எலும்பை உள்ளங்கை அகலத்திற்கு வெட்டி எடுத்தார்கள். அதை வயிற்றுத் தோலுக்கடியில் பத்திரப்படுத்தி, வீக்கம் வடிந்ததும் மீண்டும் பொருத்துவதாக இருந்தது. அங்கே சீழ் பிடித்ததால் எலும்பு பயன்படாமல் போயிற்று. ஒன்பது மாதங்கள் எலும்பில்லாத தலையோடு வாழ்ந்தேன். எழுந்து நின்றால் அந்த இடம் குழிந்து தலை சுற்றும்; இருமினால் புடைக்கும்.

டைட்டானியத்திலோ பீக் என்ற பாலிமரிலோ அளவெடுத்துச் செய்யும் தகடு எங்கள் வசதிக்கு எட்டவில்லை. மருத்துவர் பரிந்துரைத்தது பி.எம்.எம்.ஏ. என்ற அக்ரிலிக், மூட்டு மாற்று அறுவையில் எலும்புச் சிமெண்டாகப் பயன்படுவதும் இந்த வகைப் பொருள்தான்.

விலையைக் கேட்பவர்கள் செய்முறையையும் அவசியம் கேட்க வேண்டும். பொடியையும் திரவத்தையும் கலந்தால் சில நிமிடங்களில் இது இறுகும். இறுகும்போது கடுமையாகச் சூடேறும். தலையிலேயே வைத்து வடிவமைத்தால் மூளை உறையைக் காக்க உப்புநீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். வளைவும் கைத்திறனைப் பொறுத்தே அமையும். எனக்கோ, சி.டி. ஸ்கேனில் பதிவான வலப்பக்க எலும்பைக் கணினியில் இடப்பக்கமாகத் திருப்பி, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வார்ப்பச்சு செய்து, அதில் வார்த்து ஆறவைத்த தகட்டைச் சிறு டைட்டானியத் திருகுகளால் பொருத்தினார்கள். மலிவான பொருளும் முகத்தின் சீரைக் காக்கும் என்று நான் உறுதியாகச் சொல்வது இந்த முறையை நம்பித்தான்.

முதல் இரண்டு வாரங்கள் தோலுக்கடியில் நீர் கோத்து, தானாகவே வற்றியது. தலைச்சுற்றல் ஒரு மாதத்தில் நின்றது. சொற்களைத் தேடித் தடுமாறிய என் பேச்சும் மெல்லத் தெளிந்தது. அந்த மாற்றத்தை முதலில் கவனித்தவர் என் மனைவி.

வெயிலில் தகடு சுடுவதாக உணர்ந்ததில்லை. கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள பொட்டுப் பகுதியில் மட்டும் ஒரு பள்ளம் நிலைத்துவிட்டது. அது தகட்டின் குறையன்று, மெல்லும் தசை சுருங்கியதன் விளைவு. தோல் மெலிந்த ஓரிடத்தில் திருகு விரலுக்குத் தட்டுப்படுகிறது.

அக்ரிலிக் எலும்போடு ஒன்றிவிடுவதில்லை; பலமாக அடிபட்டால் விரிசல் விடலாம், பல ஆண்டுகள் கழித்தும் கிருமித் தொற்று வரலாம். ஆகவே தலைக்கவசம் இல்லாமல் வண்டியில் ஏறுவதில்லை. முடிவெட்டும்போது தழும்பின் மேல் சவரக்கத்தி வைக்க விடுவதில்லை. ஞாயிறுதோறும் மனைவி முடியை விலக்கி, சிவப்போ கசிவோ இருக்கிறதா என்று பார்க்கிறார்.